தூஷணம் என்று நாங்கள் எதைச் சொன்னோம்

(சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில், ஒரே வகுப்பில் படித்த ஏழுபேரின் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



கிறிஸ்தவப் பெண்ணின் வாய்ச்சொல் எப்படி இருக்கவேண்டும் என்று பத்து நிமிடம் பேசும்படி விழாக்குழு எங்களைக் கேட்டது. இன்றைய பிள்ளைகள் வாய்க்கு வந்தபடி பேசுகிறார்கள், நீங்கள் நல்ல தமிழ் பேசிய காலத்தவர்கள், நாலு புத்தி சொல்லுங்கள் என்பது அவர்கள் எண்ணம். நாங்களும் ஒப்புக்கொண்டோம். எங்களில் நாலுபேர் யாழ்ப்பாணத்திலும், இரண்டுபேர் ரொறன்ரோவிலும், ஒருவர் மொன்றியலிலும் இருக்கிறோம். ரெலிபோனில் மூன்று கிழமை பேசிப் பேசி எழுதினோம். எழுத எழுத, புத்தி சொல்லும் உரை கையை விட்டுப் போய்விட்டது. ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். கடற்கரைக்கு அப்பால் இருப்பவர்கள் கெட்ட வார்த்தை என்பதை நாங்கள் தூஷணம் என்கிறோம். பஸ்ஸில் கொண்டக்டரும் சாரதியும் சண்டை பிடித்தால், "தூஷணத்தாலை ஏசிப்போட்டான்" என்கிறோம். இதே சொல்தான் வேதாகமத்தில் தேவதூஷணம் என்று வருகிறது. இயேசுவுக்கு மரண தண்டனை கேட்டபோது பிரதான ஆசாரியன் சாட்டிய குற்றமும் அதுவே. 1854இல் ஆறுமுகநாவலர் மிஷனரிமாருக்கு மறுமொழியாக வெளியிட்ட நூலின் பெயர் "சைவ தூஷண பரிகாரம்". அப்போது தூஷணம் பேசியவர்கள் நாங்கள், அதாவது எங்கள் பக்கத்தவர்கள். 1824இல் உடுவிலில் ஹரியற் வின்சிலோ அம்மையார் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப்பள்ளி தொடங்கிய அதே மிஷனின் துண்டுப்பிரசுரங்களில், அயல்வீட்டாரின் தெய்வங்களைப்பற்றி எழுதியிருந்ததை இன்று ஒரு கிறிஸ்தவப் பிள்ளை சபையில் நின்று வாசிக்கக் கூசும். நாவலரும் திருப்பிக் கொடுத்ததில் குறைவைக்கவில்லை. பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து வேதாகமத்தை மொழிபெயர்க்க உதவிய கை அது. எங்கள் பாஷையின் மென்மையும் வன்மையும் அதற்கு நன்றாகத் தெரியும்.

இது பழங்கதை. என்றாலும், எங்கள் விடுதியில் தூஷணம் என்றால் ஒரேயொரு பொருள்தான் இருந்தது: உடம்பின் சில பாகங்களையும் சில காரியங்களையும் குறிக்கும் பத்துப் பன்னிரண்டு சொற்கள். அவற்றைச் சொன்னால் முழங்கால். மற்றதெல்லாம் சும்மா பேச்சு.

வேதம் அப்படிச் சொல்லுகிறதா என்று இந்த மூன்று கிழமையும் தேடினோம். எபேசியருக்கு எழுதின நிருபத்தில் பவுல் வம்பும் ஆபாசப் பேச்சும் விசுவாசிகளுக்குத் தகாது என்கிறார். அதில் மறைவில்லை. யாக்கோபு நாவைச் சிறு நெருப்புக்கு ஒப்பிடுகிறார். அதே பவுல் பிலிப்பியருக்கு எழுதும்போது, தமக்கு முன்பு பெருமையாக இருந்தவற்றையெல்லாம் ஒரு கிரேக்கச் சொல்லால் தள்ளுகிறார். தமிழில் அது குப்பை என்று மரியாதையாக வந்திருக்கிறது. பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு சாணம் என்றே போட்டிருக்கிறது. எங்கள் வேதாகம ரீச்சருக்கு இது தெரிந்திருக்கும், சொல்லமாட்டா.

ஆனால் எங்களைப் பிடித்து நிறுத்தியது மலைப்பிரசங்கம். கொலை செய்யாதே என்ற கட்டளையை விளக்க வந்த இயேசு, சகோதரனை "ராகா" என்பவனையும் "மூடன்" என்பவனையும் பற்றிப் பேசுகிறார். ராகா என்பது அரமேயச் சொல். வெறுமையானவன், ஒன்றுக்கும் உதவாதவன் என்ற கருத்து. அந்தக் காலத்துச் சந்தையில் இதைவிட நாறும் சொற்கள் இல்லாமலா இருந்திருக்கும்? அவர் அவற்றை எடுக்கவில்லை. வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் நாள்தோறும் புழங்கும் சொல்லை எடுத்தார். "மூடமே" என்று கொப்பியால் தலையில் தட்டாத கணக்கு ரீச்சர் யாழ்ப்பாணத்தில் இருந்தாரா? ஒருவனை வெறுமையானவன் என்று ஆக்கிவிடும் சொல் எதுவோ, அதைத்தான் அவர் கொலையின் பக்கத்தில் வைக்கிறார். அது நாறவேண்டும் என்பதில்லை.

அதே பிரசங்கத்தில், எதைக்கொண்டும் சத்தியம் பண்ணவேண்டாம், ஆமென்றால் ஆம், இல்லையென்றால் இல்லை என்று இருக்கட்டும் என்கிறார். குவேக்கர் சபையார் இதை எழுத்துக்கு எழுத்து எடுத்து, 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சத்தியம் செய்ய மறுத்துச் சிறைக்குப் போனார்கள். எங்கள் நாட்டு நீதிமன்றத்திலோ சைவர்களும் பௌத்தர்களும் உறுதிமொழி சொல்ல, கிறிஸ்தவர்கள் வேதாகமத்தைக் கையில் எடுத்துச் சத்தியம் செய்கிறோம். சத்தியம் செய்யாதே என்று எழுதியிருக்கும் புத்தகத்தின்மேலேயே சத்தியம். எங்களில் சட்டத்தரணியாக இருந்தவ இதைச் சொல்லி முப்பது வருடமாகச் சிரிக்கிறா.

மொன்றியலில் இருக்கும் தோழி இன்னொன்று சொன்னா. அங்கே பிரெஞ்சு பேசுகிறவர்கள் கோபம் வந்தால் சொல்லும் கடுமையான வசைகள் எல்லாம் கோவில் சாமான்களின் பெயர்களாம்: நற்கருணைப் பேழை, பாத்திரம், அப்பம். திருச்சபை நூற்றாண்டுக்கணக்கில் கழுத்தைப் பிடித்திருந்த ஊரில் வசையும் அங்கிருந்தே பிறந்திருக்கிறது. அவவின் பேரப்பிள்ளை பள்ளிக்கூடத்தில் கற்றுவந்து வீட்டில் சொல்ல, அவவுக்கு விளங்கவே இல்லையாம், யாரோ பூசைக்குக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தாவாம். ஒரு ஊர் எதற்குப் பயப்படுகிறதோ, எதை இழிவென்று நினைக்கிறதோ, அதிலிருந்துதான் அந்த ஊரின் ஏச்சு வரும்.

அப்படியென்றால் எங்கள் ஊரின் ஏச்சைப் பாருங்கள். அறுதலி. தாலியறுப்பாள். மலடி. மூதேவி. எளியதுகள். பிறகு, இங்கே அச்சிடக்கூடாத சாதிப் பெயர்கள். இவற்றில் ஒன்றுக்காவது விடுதியில் யாரும் முழங்காலில் நின்றதாக எங்கள் ஏழுபேருக்கும் ஞாபகமில்லை. வலைப்பந்து விளையாட்டில் பந்தைத் தவறவிட்டவளை "அறுதலி" என்று கத்தியிருக்கிறோம். பன்னிரண்டு வயது. இன்று எங்கள் ஏழுபேரில் மூன்றுபேருக்குத் துணை இல்லை. ஒருவரின் கணவர் ஷெல் விழுந்து செத்தவர். அந்தத் தோழிக்குப் பின்னால் ஒழுங்கையில் நின்று யாரோ அந்தச் சொல்லைச் சொன்னபோது, "நான் பழக்கின சொல் வீட்டுக்கு வந்திட்டுது" என்று எங்களுக்கு எழுதினா.

இனி, நாங்கள் சொல்ல வந்ததைச் சொல்லவேண்டும்.

எழுபதுகளின் தொடக்கம். எட்டாம் வகுப்பு. புலமைப்பரிசில் கிடைத்து ஒரு பிள்ளை விடுதிக்கு வந்தா. பெயர் வேண்டாம், அவவும் விரும்பவில்லை. வந்த அன்றைக்கே, அவவின் பேச்சை வைத்து எந்தப் பகுதி, யாருடைய பிள்ளை என்று எங்களுக்குத் தெரிந்துபோயிற்று. பேதுருவையும் முற்றத்தில் அப்படித்தான் கண்டுபிடித்தார்கள், உன் பேச்சே காட்டிக்கொடுக்கிறது என்று. அவர் சபிக்கவும் சத்தியம் பண்ணவும் தொடங்கினது அதற்குப் பிறகுதான். சேவல் கூவும் கதையில் இதை நாங்கள் கவனித்ததே இல்லை.

விடுதியில் எல்லாரும் ஒரே மேசையில் சாப்பிட்டோம். 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் சம ஆசனம், சம போசனம் என்று யாழ்ப்பாணத்தில் எவ்வளவோ சண்டை நடந்து முடிந்த காரியம் அது. 1957இல் சட்டமும் வந்துவிட்டது. மாவிட்டபுரம் கோவில் வாசலில் நடந்தது 1968இல். நாங்கள் கிறிஸ்தவப் பிள்ளைகள், எங்களுக்குள் அது இல்லை என்று சொல்லிக்கொள்ளப் பழகியிருந்தோம். மேசையில் இல்லைத்தான். கிணற்றடியில் இருந்தது.

காலையில் குளிக்க வரிசையில் நிற்பது உங்களுக்கெல்லாம் ஞாபகமிருக்கும். முதல்நாள் அவ துலாக்கயிற்றைப் பிடிக்கப் போனபோது, எங்களில் ஒருத்தி சிரித்த முகத்தோடு சொன்னாள்: "நீர் அள்ளவேண்டாம், நாங்கள் அள்ளி ஊத்திறம்." அவ்வளவுதான். அதைவிட மரியாதையான தமிழ் உண்டா? அடுத்த நாளும் அப்படி. முறை வைத்து அள்ளி ஊற்றினோம், வாளியில் அவ கை படாமல். மேற்றன் அதைக் கண்டு, புதுப்பிள்ளைக்கு உதவுகிறோம் என்று பின்னேர ஜெபத்தில் எங்களைப் புகழ்ந்தா. உண்மையில் அவவுக்கு விளங்கவில்லையா, விளங்காததுபோல் இருந்தாவா என்பதில் எங்களுக்குள் இன்றும் இரண்டு கருத்து.

ஒரு தவணையும் இன்னும் கொஞ்ச நாளும் இப்படிப் போனது. ஒருநாள் காலை அவ வாளியைத் தட்டிவிட்டு எங்களைப் பார்த்து ஒரு சொல் சொன்னா. அதை இங்கே எழுதினால் மலர்க்குழுவில் இரண்டுபேராவது மயங்கி விழுவார்கள். நாங்கள் காதைப் பொத்திக்கொண்டு மேற்றனிடம் ஓடினோம். அன்று முழுக்க முழங்கால். உப்புத்தண்ணீரால் வாய் கொப்பளிக்க வைத்தார்கள். இரவு ஜெபத்தில் விடுதி முழுவதற்கும் முன்னால் எழுந்து எங்களிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றார்கள். கேட்டா. நாங்கள் ஏழுபேரும் சேர்ந்து "மன்னித்தோம்" என்றோம். பிறகு ஒரு ஞானப்பாட்டுப் பாடினோம். தவணை முடிந்து போனவ திரும்பி வரவில்லை. ஏன் வரவில்லை என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. ஒருவரும் கடிதம் போடவில்லை.

இந்த உரைக்காகத் தூஷணம் பற்றி எழுத உட்கார்ந்தபோது எங்கள் ஏழுபேருக்கும் முதலில் ஞாபகம் வந்தது அவவின் அந்தச் சொல்தான். எங்களுடைய வசனம் ஞாபகம் வர ஒரு கிழமை எடுத்தது. அதையும் மொன்றியல் தோழிதான் சொன்னா, சொல்லிவிட்டு நெடுநேரம் பேசவில்லை. பிறகு விசாரித்து, வேறு மாவட்டத்தில் இருப்பதாக அறிந்து, நம்பர் எடுத்து, எங்களில் ஒருவர் கதைத்தா. அவ ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவவாம். குரலில் கோபம் இருக்கவில்லையாம், ஆனால் எதையும் இலேசாக்கவுமில்லை. சொன்னது இதுதான்: "அந்தச் சொல்லுக்கு அப்ப எனக்கு வடிவாக் கருத்துத் தெரியாது. ஒழுங்கையிலை பெடியள் சொல்லக் கேட்டது. நீங்கள் சொன்னதுக்குக் கருத்து நல்லாத் தெரியும்."

மன்னிப்புக் கேட்கத் தொடங்கினபோது தடுத்துவிட்டா. "ரெலிபோனிலை வேண்டாம். என்னை எல்லாருக்கும் முன்னாலைதானே கேக்க வைச்சவை" என்றா.

ஆகவே எல்லாருக்கும் முன்னால். கிணற்றடியில் அவவின் கையிலிருந்து கயிற்றை வாங்கினது நாங்கள். நல்ல தமிழில், சிரித்த முகத்தோடு, இரண்டு தவணைக்காலம் தினமும் அவவை ஏசினது நாங்கள். ஏசினவர்கள் மன்னிப்பவர்களாக எழுந்து நின்றதும் நாங்கள்தான். அதற்காக இந்தச் சபையின் முன் அவவிடம் மன்னிப்புக் கேட்கிறோம். அவ மன்னித்ததாக எங்களிடம் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று நாங்களும் கேட்கமாட்டோம். மலர் அச்சானதும் ஒரு பிரதி அனுப்பும்படி மட்டும் சொல்லியிருக்கிறா.

இன்னொரு காரியம் இருக்கிறது, அதை அலுவலக விஷயமாகவே சொல்லிவிடுகிறோம். எங்கள் சங்க யாப்பின்படி மூன்று தவணையாவது படித்தவர்தான் அங்கத்தவராகலாம். அவ படித்தது இரண்டு. அந்த விதியைத் திருத்தும் பிரேரணையை அடுத்த பொதுக்கூட்டத்துக்குச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறோம். முன்மொழிய நாங்கள் இருக்கிறோம். எங்கள் வகுப்பைச் சேராத ஒருவர் வழிமொழிந்தால் நல்லது.