தீயணைப்பு வண்டி வரும் வரை

(நமது ஜமாஅத்தின் ஆண்டு விழாவில், தீயணைப்புத் துறையினரின் செயல்விளக்கம் நிறைவுற்ற பின் ஜமாஅத் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சற்று முன்னர் மதரஸா மைதானத்தில், கொழுந்துவிட்டு எரிந்த எண்ணெய்ச் சட்டியைத் தீயணைப்பு வீரர் ஒருவர் ஈரச் சாக்கினால் மூடி நொடிப்பொழுதில் அணைத்துக் காட்டினார். நீங்கள் அனைவரும் மகிழ்ந்து கைதட்டினீர்கள். என்னால் கைதட்ட இயலவில்லை. அதன் காரணத்தைச் சொல்வதற்காகவே உங்கள் முன் நிற்கின்றேன்.

2022ஆம் ஆண்டு ரமளானின் கடைசிப் பத்து நாட்களில் ஒரு மாலைப் பொழுது. நோன்பு திறக்கச் சிறிது நேரமே இருந்தது. அடுத்த வீட்டுத் தாயார் வடை சுட்டுக்கொண்டிருந்தபோது எண்ணெய் தீப்பற்றிக்கொண்டது. "தம்பி, தண்ணி கொண்டு வா!" என்ற அலறல் கேட்டு ஓடினேன். முற்றத்தில் இருந்த குடத்தை எடுத்துக் கொடுத்தேன், அவர் ஊற்றினார். மறுகணம் தீ கூரையை எட்டியது. அந்தத் தாயார் பல வாரங்கள் சிகிச்சை பெற்றுப் பிழைத்தார், அல்ஹம்துலில்லாஹ். ஆயினும் அவருடைய வலக்கை விரல்கள் இன்றும் முழுமையாக மடங்குவதில்லை.

கொதிக்கும் எண்ணெயில் விழும் நீர் அடியில் இறங்கி, உடனே ஆவியாகி விரிந்து, எரியும் எண்ணெயை நாற்புறமும் வாரி இறைக்கும் என்பதைப் பின்னரே அறிந்தேன். அடுப்பை அணைத்து, சட்டியைத் தட்டால் மூடியிருந்தால் போதும். அந்நிகழ்ச்சிக்குப் பத்து நாட்களுக்கு முன்புதான் எங்கள் தெருமுனையில் தீயணைப்புத் துறையினர் இதே செயல்விளக்கத்தை நடத்தினர். நோன்பின் அசதி, கடை வேலை என்று காரணம் சொல்லி நான் போகவில்லை. அந்த அரைமணி நேரத்தின் விலையை அந்தத் தாயார் செலுத்தினார்.

பெருமக்களே! ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம் கடைப்பிடிக்கப்படுகின்றது. 1944ஆம் ஆண்டு ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில், வெடிமருந்தும் பஞ்சுப் பொதிகளும் ஏற்றி நின்ற ஒரு கப்பல் தீப்பற்றி வெடித்தது. அணைக்கச் சென்ற தீயணைப்பு வீரர்கள் 66 பேர் உயிர் துறந்தனர். அவர்கள் நினைவாகவே அவ்வாரத்தில் வீரர்கள் தெருத்தெருவாக வந்து நமக்குக் கற்பிக்கின்றனர். பள்ளிக்கூடம், மருத்துவமனை, ஆலை என எவ்விடத்திலிருந்து அழைத்தாலும் வந்து சொல்லித் தருகின்றனர். கற்பிக்க அவர்கள் ஆயத்தம். கற்றுக்கொள்ள நாம்தான் ஆயத்தமாக இல்லை.

"தீப்பிடித்தால் 101க்குப் பேசுவோம், வண்டி வந்துவிடும்" என்று நாம் ஆறுதல் கொள்கின்றோம். பேசத்தான் வேண்டும். ஆனால் வண்டி வரும் வரை உள்ள சில நிமிடங்கள் யாருடையவை? அவை நம்முடையவை. 2024ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் இரவு, நமது திண்டுக்கல் நகரில் திருச்சி சாலையிலுள்ள தனியார் மருத்துவமனை ஒன்றில் தீப்பிடித்தது நினைவிருக்கும். ஒரு சிறுமி உட்பட ஆறு பேர் இறந்தனர். கீழ்த்தளத்தில் பற்றிய தீயின் புகை மாடிகளை நிறைத்தது. லிப்டுக்குள் சிக்கிக்கொண்டவர்கள் மயங்கிய நிலையில் மீட்கப்பட்டனர்.

தீ விபத்துகளில் சுடரைவிடப் புகையே அதிக உயிர்களைப் பறிக்கின்றது. புகை மேலெழும்பும் தன்மையுடையது. ஆகவே தரையோடு தவழ்ந்து, ஈரத்துணியால் மூக்கை மூடி வெளியேற வேண்டும். மின்சாரம் நின்றால் லிப்டும் நின்றுவிடும். ஆகவே படிக்கட்டே பாதுகாப்பு. இவ்விரண்டையும் நம் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவர்?

படிக்கட்டும் வாசலும் திறந்திருந்தால்தான் அந்த அறிவும் பயன்படும். 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், மனநலம் குன்றியோர் காப்பகமொன்றில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டனர். ஓட அவர்களுக்குக் கால்கள் இருந்தும் வழியில்லை. 2004ஆம் ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக்கூடக் கூரை எரிந்து 94 பிஞ்சுகள் கருகின. ஊர்கள் வேறு, பாடம் ஒன்று: வெளியேறும் வழி அடைபட்ட இடத்தில் சிறு தீயும் பெருந்தீயாகின்றது.

இனி நம் இடங்களைப் பார்ப்போம். நிக்காஹ் நாட்களில் நமது மஹாலின் பின்வாசல், நாற்காலிகளை அடுக்கி அடைக்கப்படுகின்றது. வலீமா பிரியாணிக்குத் தம் போட்ட கங்குகளைப் பந்தற்காலின் ஓரத்திலேயே கொட்டுகின்றோம். சாம்பல் மூடிய கங்கு பல மணி நேரம் உயிரோடிருக்கும். நோன்புக் கஞ்சி காய்ச்சும் கொட்டகையில் எரியும் அடுப்புக்கு அருகிலேயே விறகுக் கட்டுகளையும் அடுக்குகின்றோம். சுவரில் தொங்கும் தீயணைப்பானை இன்று வரை எவரும் கையில் எடுத்ததில்லை. பின்னை இழுத்து, குழலைத் தீயின் அடிப்பாகத்திற்கு நேராகப் பிடித்து, கைப்பிடியை அழுத்தி, இடம் வலமாக வீச வேண்டும் என்பதை இன்றுதான் கற்றோம்.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். வாடை வந்தால் விளக்கையோ மின்விசிறியையோ போடவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்து, வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். புர்காவோடு அடுப்படியில் நிற்காதீர்கள். பாலியஸ்டர் துணி தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். ஆடையில் தீப்பற்றினால் ஓடக் கூடாது. தரையில் படுத்து உருள வேண்டும். சுட்ட இடத்தில் பற்பசையோ மையோ தடவாமல், இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரைக் காட்டுங்கள்.

நபி (ஸல்) அவர்கள், உறங்கும் முன் வீட்டிலுள்ள நெருப்பை அணைத்துவிடுமாறு கட்டளையிட்டதும், விளக்குத் திரியை எலி இழுத்துச் சென்று வீட்டாரை எரித்துவிடக்கூடும் என்று எச்சரித்ததும் ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளன. ஆகவே தீயிலிருந்து காத்துக்கொள்ளும் முன்னெச்சரிக்கை நமக்குப் புதிதன்று. நாம் மறந்துவிட்ட சுன்னத் அது.

நமது பள்ளிவாசலில் இறைவன் தந்த வசதிகளை எண்ணிப் பாருங்கள். ஒலிபெருக்கி இருக்கின்றது, தெருவில் நிற்கும் வாகனங்களை அகற்றச் சொல்லி வண்டிக்கு வழி திறக்கலாம். ஹவுளில் எந்நேரமும் தண்ணீர் இருக்கின்றது. ஐவேளையும் கூடும் வாலிபர்கள் இருக்கின்றனர். இல்லாதது பயிற்சி ஒன்றே.

ஆகவே மூன்று கோரிக்கைகளை நிர்வாகத்தின் முன் வைக்கின்றேன். ஒன்று, ரமளானுக்கு முன்பாக ஆண்டுதோறும் நிலைய அலுவலருக்கு எழுதி, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே இப்பயிற்சியை நடத்த வேண்டும். இரண்டு, மஹாலை வாடகைக்கு விடும்போது இரு வாசல்களும் திறந்திருக்க வேண்டும் என்பதை நிபந்தனையாக்க வேண்டும். மூன்று, தெருவுக்கு இரண்டு வாலிபர்களைத் தேர்ந்தெடுத்து முறையாகப் பயிற்றுவிக்க வேண்டும். முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். வாலிப வயதைக் கடந்துவிட்டேன் என்று தள்ளிவிடாதீர்கள்.

அன்று என் கையில் தண்ணீர்க் குடம் இருந்தது, அறிவு இருக்கவில்லை. அந்தத் தாயார் இன்றும் நோன்புப் பெருநாள் அன்று தம் இடக்கையால் எனக்கு இனிப்பு எடுத்து வைக்கின்றார். ஒரு சொல் குறை கூறியதில்லை. அவர் மன்னித்துவிட்டார். ஆனால் அடுத்த வீட்டிலிருந்து இன்னொரு அலறல் எழும்போது, நம்மில் எவரும் தவறானதைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடக் கூடாது.

நம் அனைவரையும், நம் ஊர் மக்கள் அனைவரையும் தீயின் தீங்கிலிருந்து வல்ல இறைவன் காத்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.