மோட்டார் வண்டியின் புதிய பிரேக்கும் நமது கடமையும்

(உவரியில் நடைபெற்ற சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

  

புதிய மோட்டார் கார்களில் அமைந்துவரும் தானியங்கி அவசரப் பிரேக்கைக் குறித்துச் சில வார்த்தைகள் பேசுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். கடலும் வலையுமாக வாழும் நமக்கு இவ்விஷயம் எதற்கென்று சிலர் வினவக்கூடும். அவ்வினாவுக்கு விடையாக ஒரு சம்பவம் நம் கண்ணெதிரே நிகழ்ந்துவிட்டது.

சென்ற கார்த்திகையில் ஒரு நாள், விடியுமுன் நான்கு மணியளவில், கரைக்குப் புறப்பட்ட நம் பெரியவர் ஒருவர் திருச்செந்தூர்ச் சாலையைக் கடக்கையில் ஒரு காரினால் மோதுண்டார். பிராணன் தப்பியது, கால் முறிந்தது. இன்றளவும் அவர் தொழிலுக்குப் போகவில்லை. காரை ஓட்டியவரும் நம் குலத்து வாலிபரே. வெளிநாட்டில் உழைத்து ஈட்டிய பொருளால் அதனை வாங்கியவர். "வண்டி தானே நின்றுகொள்ளும் என்று சொன்னார்கள், நம்பிவிட்டேன்" என்பதே அவர் கண்ணீருடன் கூறியது. இரு குடும்பத்தாரும் இப்பொழுது முகங்கொடுத்துப் பேசுவதில்லை. அப்படியாயின் அந்தப் பிரேக் பொய்யா? வாலிபர் மீது குற்றமா? இதனை ஆராய்வோம்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடுகிறது. எதிரே ஆளைக் கண்டு, அபாயமென உணர்ந்து, காலைப் பிரேக்கின் மேல் வைப்பதற்கு மனிதனுக்கு ஒன்றரை விநாடி செல்லுமெனக் கொள்வோம். அதற்குள் வண்டி 25 மீட்டர் கடந்துவிடும். பிரேக் பிடித்த பின்னரும் நல்ல தார்ச்சாலையில் மேலும் 20 மீட்டர் ஓடியே நிற்கும். புதிய கருவி சுருக்க முயல்வது முதலிற் கூறிய 25 மீட்டரையே. கண்ணாடியின் பின்னுள்ள காமிராவும் முகப்பிலுள்ள ரேடாரும் எதிரேயுள்ள பொருளின் தூரத்தையும் வேகத்தையும் இடைவிடாது கணக்கிடுகின்றன. மோதல் நெருங்கினால் முதலில் எச்சரிக்கை ஒலி எழும். ஓட்டுநர் வாளாவிருப்பின் கருவியே பிரேக்கை அழுத்தும்.

இதன் பயன் மெய்யானதே. முன்செல்லும் வண்டியின் பின்புறத்தில் மோதும் விபத்துக்கள், இக்கருவியுள்ள கார்களில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன என்று அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு இன்சூரன்ஸ் கழகத்தார் கண்டனர். ஜப்பான் 2021-லும், ஐரோப்பிய ஒன்றியம் 2022-லும் புதிய மாதிரிக் கார்களுக்கு இதனைக் கட்டாயமாக்கத் தொடங்கின. 2029 செப்டம்பர் முதல் புதிய கார்கள் யாவற்றிலும் இருக்கவேண்டுமென அமெரிக்க அரசாங்கம் 2024-ல் விதித்தது. நம் தேசத்தில் பெரிய பஸ்களுக்கும் லாரிகளுக்கும் இது வேண்டுமென மத்திய அரசாங்கத்தார் 2025-ல் வரைவு விதி வெளியிட்டனர். 2021-ல் விற்பனைக்கு வந்த மகிந்திரா எக்ஸ்.யூ.வி. 700 முதலிய கார்களின் மூலம் இக்கருவி நம் ஊர்ச் சாலைகளுக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

ஆயினும் அதே கழகத்தார் 2022-ல் கண்ட மற்றொன்றை நாம் கவனித்தல் வேண்டும். பாதசாரிகளை அறியும் பிரேக்குள்ள கார்கள் பாதசாரிகள் மீது மோதும் விபத்துக்கள் நூற்றுக்கு 27 பங்கு குறைவாக இருந்தன. ஆனால் விளக்கில்லாத இருட்டுச் சாலைகளில் அக்குறைவு சிறிதும் காணப்படவில்லை. மோட்டார் சைக்கிள்களின் பின்புறத்தில் மோதுவதைத் தடுப்பதிலும், கார்களின் பின்புறத்தில் மோதுவதைத் தடுக்கும் அளவு இக்கருவி வல்லதாயில்லை என்று பின்னர்த் தெரிந்தது.

நம் சாலைகளில் மாண்டுபோகிறவர் யாவர்? 2022-ம் வருஷத்தில் இந்தியாவில் சாலை விபத்துக்களால் இறந்தோர் 1,68,491 பேர். அவர்களுள் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியிற் சென்றோர்; 19 பேருக்கு மேல் நடந்து சென்றோர். அவ்வருஷம் மற்றெல்லா மாகாணங்களையும்விட அதிகமான விபத்துக்கள், 64,105, நம் தமிழ்நாட்டில் நிகழ்ந்தன. எனவே கார் வைத்திருப்போரைவிடக் கார் இல்லாதோரே மிகுதியாக மாள்கின்றனர். புதிய கருவியோ கார் வாங்கியவர் கையில் இருக்கிறது. இருட்டில் நடப்பவரை அதன் கண் சரிவரக் காண்பதில்லை.

நம் கரையோரத்தைச் சற்று நினையுங்கள். விடியுமுன் கடலுக்குச் செல்வோர் நாம். கூடை சுமந்து மீன் விற்கப் போகும் பெண்டிர் நம் பெண்டிர். அந்தோணியார் கோயிலுக்கும், சுயம்புலிங்க சுவாமி கோயிலுக்கும், திருச்செந்தூருக்கும் நடந்து செல்லும் யாத்திரிகர் இரவெல்லாம் இச்சாலையிற் செல்கின்றனர். மேலும் உப்புக்காற்றும் மணலும் காமிராவின் மேலுள்ள கண்ணாடியில் படிந்து அதன் பார்வையை மங்கச் செய்யும். ஆகவே அக்கருவி மிகவும் தளரும் இடங்களுள் நம் சாலையும் ஒன்று என்பது வெளிப்படை.

பிரேக் பொய்யன்று, அதற்கு எல்லையுண்டு என்பதை நம் வாலிபர் அறியாதிருந்ததே பிழை. திசைகாட்டும் கருவி வள்ளத்தில் இருப்பதனால் சுக்கான் பிடிப்பவன் உறங்கலாகுமோ? சட்டமும் பொறுப்பை ஓட்டுநர் மீதே வைத்திருக்கிறது. "கருவி தவறிற்று" என்பது நியாயஸ்தலத்தில் தக்க சமாதானமாகாது.

ஆகவே சங்கத்தாரிடம் சில விண்ணப்பங்கள் செய்கிறோம். 1-வது, புதிய கார் வாங்குவோர், அதன் பிரேக் பாதசாரிகளை அறியுமா, எவ்வேகம் வரை தொழில்படும், இரவில் எப்படி என்பவற்றை வண்டியுடன் வரும் புத்தகத்திற் படித்தறிதல் வேண்டும். காமிராக் கண்ணாடியை நாடோறும் துடைத்தல் வேண்டும். 2-வது, ஊர் எல்லைக்குள் இரவில் 40 கிலோமீட்டர் வேகத்திற்கு மேற்படலாகாது. அவ்வேகத்தில் பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் 20 மீட்டரிலிருந்து 9 மீட்டராகக் குறையும். 3-வது, கரைக்குச் செல்வோர்க்கும் மீன் கூடைகளுக்கும் சைக்கிள்களுக்கும் ஒளிவீசும் பட்டைகளைச் சங்கச் செலவில் வழங்குதல் வேண்டும். நடப்போர் எதிரே வரும் வண்டி தெரியுமாறு சாலையின் வலப்புறமாக நடத்தல் வேண்டும். 4-வது, சாலையைக் கடக்கும் இடங்களில் விளக்கு வேண்டிப் பஞ்சாயத்துக்கு மனுச் செய்தல் வேண்டும். 5-வது, எவரேனும் அடிபட்டால் வேடிக்கை பார்க்காது 108-க்கு அழைத்தல் வேண்டும். முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாய் அளிக்கும் திட்டத்தைத் தமிழக அரசாங்கம் 2021 டிசம்பரில் தொடங்கியதை நம்மவருட் பலர் இன்னும் அறியார்.

இறுதியாக ஒன்று. காலிழந்தாற்போல் வீட்டிலிருக்கும் பெரியவரும் நம்மவர். தலைகுனிந்து நிற்கும் வாலிபரும் நம்மவர். பெரியவர் மீண்டும் வள்ளம் ஏறும் வரை அவர் குடும்பச் செலவைத் தாம் ஏற்பதாக அவ்வாலிபர் எம்மிடம் கூறியிருக்கிறார். அதனைச் சபையறியச் சொல்லவும், பெரியவர் வீட்டார் மனமிசைந்து ஏற்கவும் சங்கத்தார் முன்னின்று வழிசெய்வாராக. வண்டியை நிறுத்த யந்திரம் ஓரளவு உதவும். பகையை நிறுத்துவதற்கு நாமே முயலவேண்டும்.