கத்தரியும் பசையும் இயற்கையுடையது, காசு மட்டும் கம்பெனிக்கா?



மரபணு விதை, மரபணு விதை என்று இருபது வருஷத்துக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அதை எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டால், "அது விஞ்ஞானம், உங்களுக்குப் புரியாது" என்கிறார்கள். மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டத் தெரிந்த நமக்கா புரியாது?

எல்லா உயிரின் செல்லுக்குள்ளும் டி.என்.ஏ. என்ற நூல் இருக்கிறது. இரண்டு புரி முறுக்கிய கயிறு மாதிரி. அதில் ஏ, டி, ஜி, சி என்று நாலே எழுத்துதான். ஒரு புரியில் ஏ இருந்தால் எதிர்ப்புரியில் டி. ஜி இருந்தால் சி. இந்த நூலை வெட்டும் கத்தரிக்கோலுக்கு ரெஸ்ட்ரிக்‌ஷன் என்சைம் என்று பெயர். எந்தக் கம்பெனியின் பட்டறையிலும் அடித்த கத்தரி அல்ல இது. தன்னைத் தாக்க வரும் வைரஸின் டி.என்.ஏ.வைத் துண்டு துண்டாக்க பாக்டீரியா வைத்திருக்கும் ஆயுதம். இந்த ஆராய்ச்சிக்காக ஆர்பர், நேதன்ஸ், ஸ்மித் மூவருக்கும் 1978இல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

கத்தரி கண்ட இடத்தில் வெட்டாது. ஈ.கோலை பாக்டீரியாவிலிருந்து எடுத்த 'ஈகோ ஆர் ஒன்' என்ற கத்தரி, ஜி-ஏ-ஏ-டி-டி-சி என்று ஆறு எழுத்து வரிசையாக வரும் இடத்தில் மட்டும், ஜிக்கும் ஏக்கும் நடுவில் வெட்டும். எதிர்ப்புரியை மறுபக்கமிருந்து படித்தாலும் அதே ஆறெழுத்துதான். அங்கேயும் ஜிக்கு அடுத்துதான் வெட்டு. அதனால் வெட்டு நேராக விழாமல் படிக்கட்டு போல விழும். ஒவ்வொரு முனையிலும் நாலு எழுத்து நீட்டிக்கொண்டு நிற்கும். ஒட்டுக்கு வேர்ச்செடியையும் குச்சியையும் ஒரே சாய்வில் சீவுகிறோமே, அதே கதைதான். இரண்டு வேறு உயிரின் டி.என்.ஏ.வை ஒரே கத்தரியால் வெட்டினால் முனைகள் பொருந்தி உட்காரும்.

உட்கார்ந்தால் மட்டும் போதாது. நாடா சுற்றிக் கட்டினாலும் உள்ளே தசை கூடினால்தானே ஒட்டு பிடித்தது என்போம்? இங்கே கூட்டி வைப்பது லைகேஸ் என்ற இன்னொரு என்சைம். அறுந்த டி.என்.ஏ.வை நிரந்தரமாக இணைக்கும் பசை. இது செடியிலும் உண்டு, மாட்டிலும் உண்டு, இந்த நிமிஷம் நம்ம உடம்பிலும் வேலை செய்துகொண்டிருக்கிறது.

பிடி பருத்திக்கு எடுத்த ஜீனும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற மண் பாக்டீரியாவுடையது. அந்த ஜீனைச் செடிக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது அக்ரோபாக்டீரியம் என்ற இன்னொரு பாக்டீரியா. அமெரிக்காவின் 'கோக்கர் 312' பருத்தியில் ஏற்றி, பிறகு இங்கே உள்ள ரகங்களோடு சேர்த்தார்கள். கம்பெனி உழைக்கவே இல்லை என்று நாம் சொல்லவில்லை. செடிக்கு ஏற்றபடி ஜீனின் எழுத்துக்களை மாற்றியிருக்கிறார்கள். ஆனால் ஒன்று கவனியுங்கள். சோதனைக் குழாயில் வெட்டும் ஒட்டும் அச்சுப் பிசகாமல் நடக்கும், செடியின் டி.என்.ஏ.வில் அந்தத் துண்டு எங்கே போய் விழும் என்பது இந்த முறையில் அவர்கள் கையில் இல்லை. பல செடிகளைச் செய்து பார்த்து ஒன்றைப் பொறுக்குகிறார்கள். அதனால்தான் பரிசோதனை விவரத்தை வெளியே வை என்று கேட்கிறோம். பிடி கத்தரிக்காயை 2010 பிப்ரவரி 9 அன்று மத்திய அரசு நிறுத்தி வைத்ததும் இப்படிக் கேள்வி கேட்டதால்தான்.

இனி காசுக் கணக்கு. 2002இல் தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் பிடி பருத்தி வந்தது. 450 கிராம் பாக்கெட் 1,600 ரூபாய்க்கு மேல். அதில் பெரும் பங்கு ஜீனுக்கான கட்டணம். இத்தனைக்கும் அந்த முதல் ஜீனுக்கு இந்தியாவில் காப்புரிமையே கிடையாது! 2006இல் ஆந்திர அரசு சண்டை போட்ட பிறகுதான் விலை 750க்கு இறங்கியது. 2020இல் அந்தக் கட்டணம் பூஜ்யமானது. ஆனால் குஜராத்தில் 2010லேயே இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் ஜீனைத் தாங்கிப் பழகிவிட்டது. பிறகு இரண்டு ஜீன் விதைக்கும் அதே கதி. மருந்துச் செலவு திரும்ப நம்ம தலையில். விற்றது வீரிய ஒட்டு விதை என்பதால் எடுத்து வைத்து மறுபடி விதைக்கவும் வழியில்லை.

இப்போது நெல்லுக்கு வந்திருக்கிறார்கள். கிரிஸ்பர் என்பது புதுக் கத்தரி. அதுவும் பாக்டீரியா வைரஸை வெட்ட வைத்திருந்ததுதான். வெட்டின இடத்தைச் சேர்ப்பது நெல்லின் சொந்தப் பசை. நம்ம பிபிடி நெல்லை, அதாவது சம்பா மசூரியை, இப்படித் திருத்தி 'கமலா' என்று 2025 மே மாதம் அறிவித்தார்கள். வெளி ஜீன் சேர்க்காத இந்த மாதிரித் திருத்தத்துக்கு 2022லேயே பழைய கட்டுப்பாட்டிலிருந்து விலக்கும் கொடுத்தாகிவிட்டது. கிரிஸ்பருக்கான காப்புரிமைகளோ பெரும்பாலும் வெளிநாட்டு நிறுவனங்களின் கையில்.

விதையை எடுத்து வைக்க, விதைக்க, மாற்றிக்கொள்ள, பிராண்டு போடாமல் விற்கவும் 2001ஆம் வருஷச் சட்டத்தின் 39ஆம் பிரிவு நமக்கு உரிமை தருகிறது. செடிக்கும் விதைக்கும் காப்புரிமை இல்லை என்று காப்புரிமைச் சட்டமும் 3(ஜே) பிரிவில் சொல்கிறது. ஆகவே கேட்கிறோம்: திருத்திய நெல்லின் பரிசோதனை விவரம் முழுதும் தமிழில் எங்கே? கத்தரிக்கு யாருக்கு, எவ்வளவு கட்டணம்? அந்த நெல்லை நாங்கள் விதைக்கு எடுத்து வைத்தால் யாரும் தடுக்க மாட்டார்கள் என்று எழுத்தில் தருவீர்களா? வருகிற கிராம சபையில் இந்த மூன்றையும் தீர்மானமாக எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி வாருங்கள்.