அந்த நாடகம் எந்த வானொலியில் போகிறது?

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில், 1977ஆம் ஆண்டு வகுப்பின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



எங்கள் சங்கத்துக்கும் இலங்கை வானொலிக்கும் ஏறத்தாழ ஒரே வயது. கொழும்பில் முறையான ஒலிபரப்பு ஆரம்பமானது 1925 டிசம்பர் 16ஆம் திகதி. கண்டிக்கும் இந்தக் கதையில் ஒரு பங்கு உண்டு. 1944இல் மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் பேராதனைப் பூங்காவுக்கு வந்தது. அந்தப் படையினருக்காக நடத்தப்பட்ட வானொலியின் வலுவான ஏக்கல ஒலிபரப்பி பின்னர் ரேடியோ சிலோனுக்குக் கிடைத்தது. இந்தியாவெங்கும் நமது வானொலியைக் கேட்டார்கள் என்றால் அதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் நாங்கள் பேச வந்தது சரித்திரம் அல்ல. எங்கள் ரீச்சர் ஒருவர் கேட்ட ஒரு கேள்வியைப் பற்றி.

நூற்றாண்டு விழா அழைப்பிதழோடு அம்பிட்டியவிலுள்ள அவருடைய வீட்டுக்குப் போயிருந்தோம். வயது 91. கண்பார்வை முற்றாகப் போய்விட்டது. எங்கள் குரலை வைத்தே ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்தார். தேநீர் குடித்து முடியும் நேரம் கேட்டார்: "பிள்ளையள், அந்த நாளைய றேடியோ நாடகங்கள் இப்ப எந்த ஸ்ரேசனிலையாவது போகுதோ?"

பேரன் கைத்தொலைபேசியில் போட்டுத் தருவான்தானே என்றோம். "போட்டுத் தருவான். ஆனால் நான் கேட்டால்தானே போடுவான். தானாக நேரத்துக்கு வாறது வேற" என்றார்.

அதன் அர்த்தம் விடுதியில் இருந்த எங்களுக்கு உடனே விளங்கியது. படிப்பறை மணி, சாப்பாட்டு மணி போலத்தான் அந்நாளில் நாடகமும். மேட்ரனின் அறைக் கதவு அரைவாசி திறந்திருக்கும். நாங்கள் படிக்கட்டில் வரிசையாகக் குந்தியிருப்போம். எங்கள் அக்காமார் 'சானா' சண்முகநாதன் தயாரித்த நாடகங்களையும் 'லண்டன் கந்தையா'வையும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். எங்கள் காலத்தில் சில்லையூர் செல்வராசன் எழுதிய 'தணியாத தாகம்'. பிறகு 'கோமாளிகளின் கும்மாளம்': மரிக்காராக ராம்தாஸ், அப்புக்குட்டியாக ராஜகோபால், உபாலியாக செல்வசேகரன். ராஜேஸ்வரி சண்முகம் அவர்களின் குரல் வந்தால் பேசிக்கொண்டிருப்பவர்களும் வாயை மூடுவோம். தோட்டத்திலிருந்து வந்த பிள்ளைகள், லயத்தில் ஒரு வீட்டு ரேடியோவை பத்து வீட்டார் வாசலிலிருந்து கேட்பார்கள் என்று சொல்லுவார்கள்.

ரீச்சருக்கு ஒரு பதில் கொடுக்காமல் விடுவதில்லை என்று தீர்மானித்தோம். கட்டுகஸ்தோட்டை, பேராதனை, கம்பளை, ஹந்தானை என்று ஆளுக்கொரு பக்கமாக, மூன்று மாதம் வானொலி கேட்டுக் குறிப்பெழுதினோம்.

முதலில் கற்றது, கண்டியில் வானொலி தேடுவதே ஒரு வேலை என்பது. எஃப்.எம். அலை ஏறத்தாழ நேர்கோட்டில் போவது. இடையில் மலை வந்தால் நின்றுவிடும். பேராதனையில் தெளிவாக வந்த சேவை, ஹந்தானைச் சரிவின் மறுபுறத்தில் இரைச்சலாக இருந்தது. மத்திய அலை அப்படியல்ல. இரவில் அது வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி வெகுதூரம் வரும். திருச்சி வானொலியைக் கம்பளையில் பிடித்தோம். ஆனால் ஒரு நிபந்தனை: வீட்டிலுள்ள எல்.ஈ.டி. மின்குமிழ்களையும் தொலைபேசி சார்ஜரையும் நிறுத்தவேண்டும். அவை எழுப்பும் இரைச்சல் மத்திய அலையைக் கெடுத்துவிடும். இருட்டில் உட்கார்ந்து ரேடியோ கேட்டது எங்களுக்கு மறுபடி விடுதியை ஞாபகப்படுத்தியது.

இரண்டாவது, பழைய பாடல்களுக்குக் குறைவே இல்லை. இலங்கை வானொலியிலும் தனியார் சேவைகளிலும் அவை தாராளமாக ஒலிக்கின்றன. நாடகம்தான் அரிது. நாங்கள் கேட்ட மூன்று மாதத்தில் பழைய நாடகம் என்று வந்தவை, மறைந்த கலைஞர்களை நினைவுகூரும் நிகழ்ச்சிகளில் சில நிமிடத் துண்டுகளே. பிரித்தானியாவில் இதற்கென்றே ஒரு சேவை இருக்கிறது. 2002இல் பி.பி.சி. 7 என்று தொடங்கி, 2011 முதல் ரேடியோ 4 எக்ஸ்ட்ரா என்ற பெயரில் பழைய நாடகங்களையும் நகைச்சுவைகளையும் ஒலிபரப்புகிறார்கள். அங்கும் பல பதிவுகள் அழிந்துபோயின. சிலவற்றை, நேயர்கள் வீட்டில் பதிந்து வைத்த நாடாக்களிலிருந்தே மீட்டிருக்கிறார்கள்.

மூன்றாவது, புலம்பெயர்ந்தவர்களின் இணைய வானொலிகள். இதில் நேரக் கணக்கு முக்கியம். ரொறன்ரோவில் இரவு 8 மணிக்குப் போவது நமக்குக் கோடையில் காலை 5.30, மாரியில் 6.30. ரீச்சர் எழும்பும் நேரம் அதுதான். இலண்டனில் இரவு 8 மணி என்றால் நமக்கு நள்ளிரவு கடந்துவிடும்.

இந்த விபரங்களோடு ரீச்சரிடம் திரும்பிப் போனோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப எங்கட நாடகம் ஒருத்தரிட்டையும் இருக்காது" என்றார்.

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. 1976இல் எங்களில் ஆறு பேரைக் காலை ரயிலில் கொழும்புக்குக் கூட்டிச் சென்றவர் அவர். ரொறிங்டன் சதுக்கத்து ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரு பாடசாலை நாடகம் பதிவானது. எழுதியவரும் பழக்கியவரும் ரீச்சரே. ஒலிபரப்பான அன்று பாடசாலையே கேட்டது. அந்த ஆறு பேரில் இருவர் இன்று இல்லை. அவர்களுடைய குரல் எதிலும் பதிவாகி இருப்பதாக நாங்கள் நினைக்கவில்லை.

வெளிநாட்டிலிருப்பவர்கள் உட்பட எல்லோருக்கும் செய்தி அனுப்பினோம். ஆறாவது கிழமை மாத்தளையிலிருந்து பதில் வந்தது. ஒரு தோழியின் காலஞ்சென்ற தகப்பனார், மகளின் குரலுக்காக ரேடியோவின் முன்னால் ரெக்கோடரை வைத்துப் பதிந்த கசெற் அலமாரியில் கிடந்தது. ஓரத்தில் பூஞ்சணம். பழைய பாடல்களைக் கணினியில் ஏற்றும் ஒரு தம்பியிடம் கொடுத்தோம். காப்பாற்ற முடிந்தது 11 நிமிடம். நடுவில் ஒரு நாய் குரைக்கிறது. யாரோ "சத்தம் போடாதேங்கோ" என்கிறார்கள்.

ஒரு ஞாயிறு மாலை 4 மணிக்கு என்று ரீச்சரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தோம். 3.30க்கே முகம் கழுவிச் சேலை மாற்றிக் கதிரையில் இருந்தார். போட்டோம். மறைந்த தோழியின் குரல் வந்ததும் எங்களில் சிலருக்கு அங்கே நிற்க முடியவில்லை. ரீச்சர் தலையைச் சாய்த்துக் கடைசிவரை கேட்டார். முடிந்ததும், "அவவுக்கு அண்டைக்கும் ழகரம் சரியா வரேல்லை. இன்னொருக்காப் போடுங்கோ" என்றார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் 4 மணிக்கு எங்களில் ஒருவர் போகிறோம். இணையத்தில் கிடைத்த பழைய நாடகம் ஒன்றைக் கொண்டுபோகிறோம். என்ன நாடகம் என்று முன்கூட்டிச் சொல்வதில்லை. அது ரீச்சரின் கட்டளை.

சகோதரிகளே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் பழைய கசெற் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். பூஞ்சணம் இருந்தால் பெட்டியில் போட்டுப் பார்க்கவும் வேண்டாம். நாடா அறுந்துவிடும். மேல் விளிம்பிலுள்ள சிறிய பிளாஸ்டிக் தகடு இரண்டையும் உடைத்துவிட்டால் தவறுதலாக மேலே பதிவாகாது. யாருடைய குரல், எந்த ஆண்டு என்று தாளில் எழுதி உறையில் வைத்துச் சங்கத்திடம் தாருங்கள். திருப்பித் தருவது எங்கள் பொறுப்பு.

இன்று இங்கே வந்திருக்கும் மூத்த ஆசிரியைகளின் குரலையும் பதிந்துகொள்ளப் பின் வரிசையில் ஒரு மேசை போட்டிருக்கிறோம். தேநீர் இடைவேளையில் தயவுசெய்து பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.