சுவடியும் இசையும்

விவால்டி இயற்றிய 'மோத்தெசூமா' என்னும் இசை நாடகம் 1733இல் வெனிசு நகரில் அரங்கேறியது. பின்னர்ப் பாடல் வரிகள் எஞ்சின, இசை மறைந்தது. பெர்லின் 'சிங் அகாதமி' என்னும் பாடகர் கழகத்தின் சுவடித் தொகுப்பு, இரண்டாம் உலகப்போரில் இடம்பெயர்ந்து, 1999இல் கீவ் நகரில் கண்டறியப்பெற்று, 2001இல் பெர்லின் மீண்டது. மறுவாண்டு அத்தொகுப்பில் அவ்விசை குறையேடாக வெளிப்பட்டது.

மகிழ்ச்சி வழக்காயிற்று. வெளிவராத பழம்படைப்பை முதலில் வெளியிடுவோர்க்கு 25 ஆண்டு உரிமை தருவது செருமானியச் சட்டம். 2005இல் டியூசல்டார்ஃப் விழாவினர் நாடகத்தை மேடையேற்ற முனைந்தபோது, கழகம் அவ்வுரிமையைக் கோரியது. காத்தவர்க்கு நன்றிக்கடன் உண்டு. அதனை மறுப்பார் இலர். ஆயினும் காவலுக்குக் கூலியாக இசையையே பூட்டி வைக்கலாமா?

2009இல் செருமானிய உச்சநீதிமன்றம் கோரிக்கையை ஏற்கவில்லை. அக்கால வெனிசில் நாடக இசை பெரும்பாலும் அச்சேறுவதில்லை. மூலத்தைப் படியெடுப்போரிடம் வைப்பர், வேண்டுவோர் படி பெறுவர். அதுவும் வெளியீடே என்றது மன்றம். 1733இல் அவ்வாறு வெளிவரவில்லை என்பதைக் கழகம் மெய்ப்பிக்கவில்லை. ஏடு பெயர்த்தெழுதியே நூல் வளர்த்த நமக்கு இத்தீர்ப்பில் வியப்பில்லை.

சுவடி கழகத்தின் உடைமையாகவே பெர்லின் அரசு நூலகத்தில் உள்ளது. தொலைந்த பகுதிகளை இன்றைய இசைவாணர் தாமே நிரப்பி அந்நாடகத்தைப் பாடியுள்ளனர்.