சைக்கிளில் போகிற பிள்ளைக்கு எந்தத் தண்ணி பாட்டில்?

(வாடிப்பட்டி வட்டாரக் கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் உறுப்பினர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதம் கடன் வசூல், காப்பீடு என்று பேசினோம். இந்த மாதம் தண்ணி பாட்டிலைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று சொன்னதும், பின்னாடி நாலு பேர் சிரித்தது எனக்குக் கேட்டது. சிரிங்க, பரவாயில்லை. பேசி முடித்ததும் இந்த மேசையில் வைத்திருக்கிற பாட்டில்களைக் கையில் எடுத்துப் பாருங்கள்.

நம்ம ஊர்ப் பிள்ளைகள் எங்கிருந்தெல்லாம் சைக்கிளில் வருகிறார்கள்? கச்சைகட்டி, விராலிப்பட்டி, குட்லாடம்பட்டி, குலசேகரன்கோட்டை. சிறுமலை அடிவாரத்திலிருந்து வாடிப்பட்டிக்கு வெயிலில் மிதித்து வருகிறார்கள். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்று 2021-ல் ஆனது நமக்கெல்லாம் பெரிய உதவிதான். ஆனால் பஸ் வருகிற நேரமும் பள்ளிக்கூட மணியும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. அதனால் சைக்கிள் இன்னும் வேண்டியிருக்கிறது.

இந்தச் சைக்கிள் நமக்குச் சும்மா வந்ததில்லை. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தார். எழுத்துப் படிப்போடு சைக்கிள் ஓட்டவும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். கல் உடைக்கிற பெண்களும் வயல் வேலை செய்கிற பெண்களும் ஆயிரக்கணக்கில் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காத இடத்தில் ஆம்பளை சைக்கிளையே ஓட்டினார்கள். பிறகு 2001-02-ல் பிளஸ் ஒன் படிக்கிற ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு அரசு சைக்கிள் கொடுக்க ஆரம்பித்து, 2005-06-ல் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் படிக்கிற எல்லாருக்கும் என்று ஆனது. சைக்கிள் வந்துவிட்டது. முன்னாடி கூடையும் இருக்கிறது. அந்தக் கூடையில் என்ன பாட்டில் இருக்கிறது என்பதுதான் இன்றைக்குக் கேள்வி.

பெரும்பாலும் என்ன இருக்கிறது? கல்யாண வீட்டிலோ பஸ் ஸ்டாண்டிலோ வாங்கின மினரல் வாட்டர் பாட்டில். "நல்லாத்தானே இருக்கு, எதுக்குத் தூரப் போடணும்?" என்று மாசக்கணக்கில் அதையே நிரப்பிக் கொடுக்கிறோம். அந்த பாட்டில் ஒட்டியிருக்கிற பேப்பரை ஒருநாள் படித்துப் பாருங்கள். உபயோகித்தபின் நசுக்கிவிடவும் என்று இங்கிலீஷில் போட்டிருக்கும். அடியில் முக்கோணத்துக்குள் 1 என்ற எண் இருக்கும். பெட் என்கிற பிளாஸ்டிக்குக்கு அது அடையாளம். ஒரு தடவை நிரப்பி, விற்று, குடித்து முடிக்கச் செய்தது அது. சுடுதண்ணி ஊற்றிக் கழுவினால் சுருங்கிவிடும். சுடுதண்ணி ஊற்ற முடியாத பாத்திரத்தை எப்படிச் சுத்தம் செய்வது? வாய் சின்னது, விரல்கூட உள்ளே போகாது. உள்ளே கீறல் விழுந்து, அந்தக் கீறலில் வழுவழுப்பு பிடித்துவிடும். அந்த வழுவழுப்பு கிருமிக் கூட்டம். வெயிலில் கூடையிலேயே கிடந்து சூடேறினால் பிளாஸ்டிக்கில் உள்ள பொருள்கள் தண்ணியில் இறங்குவதும் அதிகமாகும். தண்ணியில் பிளாஸ்டிக் வாடை அடிக்கும், பிள்ளை குடிக்காது.

தண்ணி பாக்கெட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை வந்தபோது அதுவும் பட்டியலில் சேர்ந்துவிட்டது.

சரி, எதை வாங்குவது?

சைக்கிள் பந்தயம் ஓட்டுகிறவர்களை டிவியில் பார்த்திருப்பீர்கள். பிரான்ஸ் நாட்டில் 1903-ல் இருந்து நடக்கிற பெரிய பந்தயம் ஒன்று உண்டு. பழைய நாளில் அவர்கள் அலுமினிய பாட்டிலைக் கார்க் மூடி போட்டு ஹேண்டில்பாரில் கூண்டுக்குள் வைத்து ஓட்டினார்கள். இப்போது மெத்தென்ற பிளாஸ்டிக் பாட்டில். ஒரு கையால் எடுத்து, வாய்க்கு நேரே பிதுக்கி, நிற்காமலே குடிப்பார்கள். சைக்கிளின் நடுக் கம்பியில் கீழே கூண்டு இருக்கும். எடை கீழேயும் நடுவிலேயும் இருந்தால் வண்டி ஆடாது. அதுதான் காரணம்.

அந்த யோசனை நல்லது. அந்த பாட்டில் நமக்கு ஆகாது. நம்ம பிள்ளைகள் ஓட்டுவது லேடீஸ் சைக்கிள். நடுக்கம்பி தாழ்ந்து வளைந்திருக்கும். கால் எடுத்து வைக்கிற இடத்தில் கூண்டு மாட்டினால் பாவாடை, சுடிதார் சிக்கும். ஓட்டிக்கொண்டே குடிக்கிற அவசரமும் நமக்கு இல்லை. எதிரே லாரி வருகிற ரோட்டில் அது வேண்டவும் வேண்டாம். நிழல் பார்த்து நிறுத்தி, காலைத் தரையில் ஊன்றிக் குடித்தால் போதும்.

என்னைக் கேட்டால், அகலமான வாய் உள்ள, ஒற்றைத் தகடு ஸ்டீல் பாட்டில்தான் முதல். சுடுதண்ணி ஊற்றிக் கழுவலாம், கீழே விழுந்தால் நசுங்குமே தவிர உடையாது. நாலு விரலாவது உள்ளே போகிற வாயாகப் பார்த்து எடுங்கள். இல்லையென்றால் பாட்டில் கழுவுகிற பிரஷ் ஒன்று கூடவே வாங்க வேண்டும்.

கடையில் காந்தம் வைத்துப் பார்க்கிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. ஒட்டவில்லை என்றால் நல்ல ஸ்டீல் என்று முடிவு கட்டிவிடுவோம். அது சரியில்லை. 304 என்கிற நல்ல ரகமும் காந்தத்தில் ஒட்டாது, அதைவிட மட்டமான 202 ரகமும் ஒட்டாது. 304-ல் ஏறத்தாழ 18 பங்கு குரோமியம், 8 பங்கு நிக்கல் இருக்கும். 202-ல் நிக்கல் குறைவு, உப்பும் புளிப்பும் பட்டால் சீக்கிரம் கறை பிடிக்கும். ஆகவே எழுத்தைப் பாருங்கள். ஸ்டீல், அலுமினியம், செம்புத் தண்ணி பாட்டில்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை வேண்டும் என்று மத்திய அரசு 2023-ல் ஆணை போட்டிருக்கிறது. முத்திரை எங்கே என்று கடைக்காரரிடம் கேளுங்கள். கேட்பதற்குக் காசு இல்லை.

மூடிதான் ஏமாற்றுகிற இடம். வாங்குமுன் தண்ணி நிரப்பி, மூடி, தலைகீழாகப் பிடித்து இருபது எண்ணுங்கள். கொஞ்சம் குலுக்குங்கள். சைக்கிள் குழியில் விழுந்தால் அப்படித்தான் குலுங்கும். ஒரு சொட்டு விழுந்தாலும் வேண்டாம். புத்தகமும் நனையும், பையும் நனையும், அடுத்த நாள் பிள்ளை பாட்டிலே கொண்டு போகாது. மூடிக்குள் இருக்கிற ரப்பர் வாஷரைக் கழற்றி மாட்ட முடிகிறதா என்று பாருங்கள். அந்த வளையத்துக்கு அடியில்தான் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும். குழல் வைத்து உறிஞ்சுகிற மூடி பார்க்க அழகு. அந்தக் குழலுக்குள் யார் கழுவப் போகிறார்கள்?

ரெட்டைத் தகடு போட்ட ஃபிளாஸ்க் பாட்டில் நல்லதுதான், குளிர்ச்சி நிற்கும். விலை கூட, எடையும் கூட. பலமாக அடிபட்டு உள்ளே காற்றுப் புகுந்துவிட்டால் அப்புறம் அதுவும் சாதா பாட்டில்தான். சைக்கிள் கேரியரில் தினம் குலுங்குகிற பொருளுக்கு அம்புட்டுச் செலவு எதற்கு? குளிர்ச்சி வேண்டுமென்றால் நம்ம பாட்டன் பூட்டன் வழி ஒன்று இருக்கிறது. பழைய பருத்தி வேட்டித் துணியில் பாட்டிலுக்கு அளவாக உறை தைத்து, நனைத்துப் போட்டுவிடுங்கள். நம்ம சித்திரை, வைகாசிக் காய்ச்சலில், சைக்கிள் ஓடுகிற காற்றில் அந்த ஈரம் காயக் காய உள்ளே தண்ணி குளிரும். மண்பானை குளிர்வதும் இதே கணக்குத்தான். தையல் மிஷின் வைத்திருக்கிற உறுப்பினர்கள் இதைக் கவனிக்கலாம்.

எங்கே வைப்பது? ஹேண்டில்பாரில் மட்டும் தொங்கவிடாதீர்கள். ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ, பாட்டில் எடை தனி. அது ஆடி ஆடி ஒருநாள் முன் சக்கரக் கம்பிக்குள் போனால் பிள்ளை தலைகுப்புற விழும். துப்பட்டாவுக்கும் இதே எச்சரிக்கைதான். கூடையில் ஒரு மூலையில் நிமிர்த்தி வைத்து, சைக்கிள் கடையில் கிடைக்கிற பழைய டியூப் வாரால் ஒரு கட்டு. கேரியரில் என்றால் படுக்க வைத்து ரெண்டு கட்டு, உருளாது. மில்லுக்கும் வயலுக்கும் போகிற அக்காமார், ரெண்டு லிட்டர் பாட்டில் ஒன்றுக்குப் பதிலாக ஒரு லிட்டர் பாட்டில் ரெண்டு எடுங்கள். ஒன்று கொட்டினாலும் மற்றது இருக்கும்.

வெயிலில் பாடுபடுகிறவர்கள் தாகம் வருமுன்பே 15, 20 நிமிடத்துக்கு ஒரு தடவை ஒரு டம்ளர் குடிக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. மணிக்கு முக்கால் லிட்டர், ஒரு லிட்டர் ஆகிவிடும். பள்ளிப் பிள்ளைக்கு முக்கால் லிட்டரோ ஒரு லிட்டரோ பிடிக்கிற பாட்டில் சரி. அங்கே நல்ல தண்ணி இருந்தால் மறுபடி நிரப்பிக்கொள்ளும்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். இதைப் பேசத்தான் இந்தக் கூட்டத்தில் நேரம் கேட்டேன்.

சாயங்காலம் பிள்ளை வீட்டுக்கு வந்ததும் பாட்டிலைத் தூக்கிப் பாருங்கள். காலையில் கொடுத்த தண்ணி அப்படியே திரும்பி வருகிறதா? "மறந்துட்டேம்மா" என்று சொல்லும். நம்பாதீர்கள். பொம்பளைப் பிள்ளைகள் பலர் வேண்டுமென்றேதான் குடிப்பதில்லை. தண்ணி குடித்தால் ஒண்ணுக்கு வரும். ஒண்ணுக்கு வந்தால் பள்ளிக்கூடக் கக்கூசுக்குப் போக வேண்டும். அங்கே கதவு இல்லை, தாழ்ப்பாள் இல்லை, தண்ணி வரவில்லை என்றால் பிள்ளை என்ன செய்யும்? குடிக்காமலே இருந்துவிடும். தீட்டு நாட்களில் இன்னும் மோசம். நாமும் அப்படித்தானே செய்கிறோம்? நாற்று நடப் போகிற இடத்தில் மறைவு இல்லை என்று எத்தனை நாள் நாக்கு வறள வேலை செய்திருக்கிறோம்!

இதன் பலன் என்ன? சிறுநீர் மஞ்சளாகப் போகும், கடுக்கும். அடக்கி அடக்கி வைத்தால் நீர்த்தாரையில் கிருமி சேரும், காய்ச்சல் வரும். நாளாக நாளாகக் கல் சேரவும் வழி இருக்கிறது. தலைவலி, மயக்கம், படிப்பில் கவனமில்லை என்று நாம் வேறு எதையோ திட்டிக்கொண்டிருப்போம். ஐந்நூறு ரூபாய் பாட்டில் வாங்கிக் கொடுத்தாலும் இதற்கு மருந்தில்லை.

கேரளத்தில் 2019-ல் பள்ளிகளில் தண்ணி குடிக்கவே தனியாக மணி அடிக்க ஆரம்பித்தார்கள். தமிழ்நாட்டிலும் 2025-ல் வாட்டர் பெல் என்று கொண்டுவந்தார்கள். மணி அடித்தால் குடிக்கும். குடித்த பிறகு போக இடம் வேண்டுமே. அதைக் கேட்கிற உரிமை நமக்கு உண்டு. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர்கள், மொத்தத்தில் பாதி பெண்கள் இருக்க வேண்டும். நம்ம குழுக்களில் யார் யார் அந்தப் பொறுப்பில் இருக்கிறீர்கள் என்று கையெழுத்து நோட்டில் குறித்துக் கொடுங்கள். அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு முன்னால் கக்கூசைப் போய்க் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள். கதவு, தாழ்ப்பாள், தண்ணிக் குழாய், வாளி, குப்பைக் கூடை. இந்த ஐந்தையும் எழுதி, தீர்மானமாகப் போடச் சொல்லுங்கள். சண்டை போட வேண்டாம், தலைமை ஆசிரியருக்கும் அது வேண்டியதுதான். தீர்மானம் எழுத்தில் இருந்தால் அவரும் மேலே கேட்க வசதி.

கூட்டத்தில் கேட்ட கேள்விகளுக்கும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஸ்டீல் பாட்டிலில் மோர் கொடுக்கலாமா என்று ஒரு அக்கா கேட்டார். கொடுக்கலாம், ஆனால் முக்கால் பாகம் மட்டும் ஊற்றி, மதியத்துக்குள் குடிக்கச் சொல்லுங்கள். வெயிலில் மூடியே இருந்தால் புளித்து, திறக்கும்போது பொங்கும். செம்பு, அலுமினிய பாட்டிலில் மோர், எலுமிச்சைச் சாறு, நீராகாரம் எதுவும் கூடாது. புளிப்பு உலோகத்தை அரிக்கும்.

வயிற்றுப்போக்கு நாளில் பாட்டிலில் உப்புச் சர்க்கரைக் கரைசல் வைக்கலாமா? வைக்கலாம். ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணிக்கு மட்டமாக ஆறு டீஸ்பூன் சர்க்கரை, மட்டமாக அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடக் கூடாது. மறுநாள் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும்.

பிளாஸ்டிக் தவிர வாங்க முடியாது என்கிறவர்கள், அடியில் முக்கோணத்தில் 5 அல்லது 2 போட்ட கெட்டி பாட்டிலாக, அகல வாயாகப் பாருங்கள். உள்ளே கீறல் விழுந்ததும் மாற்றுங்கள். கணக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். வாரம் ஒரு 20 ரூபாய் தண்ணி பாட்டில் வாங்கினால், பள்ளி நடக்கிற நாற்பது வாரத்துக்கு 800 ரூபாய். அதில் ரெண்டு ஸ்டீல் பாட்டில் வாங்கலாம். இருபது பேர் சேர்ந்து மொத்தமாகக் கேட்டால் பாத்திரக் கடையில் விலையும் குறைப்பார்கள்.

"என் மகன் வாங்கின மூணாம் நாளே தொலைச்சுட்டு வந்துட்டான், அதுக்கு என்ன வழி?" என்று கடைசியாக ஒரு தங்கச்சி கேட்டது. பாத்திரக் கடையில் குடத்துக்கும் தாம்பாளத்துக்கும் பேர் வெட்டித் தருகிறார்களே, பாட்டிலுக்கும் வெட்டித் தருவார்கள். ஒற்றைத் தகடு பாட்டிலாக இருந்தால் லேசாக வெட்டச் சொல்லுங்கள். இனிஷியலும் பேரும் போதும். பொம்பளைப் பிள்ளை பாட்டிலில் போன் நம்பர் வெட்ட வேண்டாம்.