பெற்றோரும் பள்ளிப் பொக்கிஷமும்



நகரப் பொதுப் பள்ளிகளின் நிர்வாகத்திலும் நிதியிலும் பெற்றோருக்குள்ள பாத்தியதையைப் பற்றி விவாதிக்கக் கூடியிருக்கும் இச்சபையில், நீங்கள் வாசிக்கவிருக்கும் கட்டுரைகளுக்கு முகவுரையாக, அமெரிக்காவின் சிகாகோ நகரத்து அனுபவத்தை எடுத்துரைக்க விரும்புகிறேன்.

1987-ஆம் ஆண்டில் ஆசிரியர்கள் 19 நாள் வேலைநிறுத்தம் செய்து பிள்ளைகள் வீட்டிலே முடங்கிக் கிடக்க, அதே ஆண்டில் மத்திய கல்விச் செயலாளர் வில்லியம் பென்னட் அந்நகரப் பள்ளிகளைத் தேசத்திலேயே மிக மோசமானவை என்று பகிரங்கமாகப் பேசிவிட, மேயர் ஹரால்ட் வாஷிங்டன் கூட்டிய சபைகளில் தங்கள் மனக்குமுறலைக் கொட்டிய தாய்தந்தையர், அவர் நவம்பரில் திடீரென்று காலமான பின்னும் சோர்ந்துவிடாமல் மாகாணச் சட்டசபையை நெருக்கியதன் பலனாகவே, 1988-ஆம் ஆண்டின் பள்ளிச் சீர்திருத்தச் சட்டம் பிறந்தது. அதன்படி ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு மன்றம். அதில் பெற்றோர் 6 பேர், வட்டாரவாசிகள் 2 பேர், ஆசிரியர்கள் 2 பேர், அவர்களுடன் தலைமையாசிரியர். அந்தத் தலைமையாசிரியரை நான்காண்டு ஒப்பந்தத்தில் நியமிக்கவும், தவணை முடிந்தபின் வேண்டாமென்று விலக்கவும் மன்றத்துக்கே அதிகாரம். அதுவரை பள்ளிக்கூட வாசலில் தயங்கி நின்ற ஏழைத் தாய், தலைமையாசிரியர் பதவிக்கு வந்தவரைக் கேள்வி கேட்டுப் பரீட்சிக்கும் ஸ்தானத்தில் அமர்ந்தாள் என்பது சாமானிய விஷயமன்று. பெற்றோர் வாக்குக்கு அதிகக் கனம் தந்த தேர்தல் முறை சமத்துவத்துக்கு விரோதமென்று 1990-இல் மாகாண உச்ச நீதிமன்றம் தள்ளியபோதும், சட்டசபை மறு ஆண்டே அதைத் திருத்தி மன்றங்களைக் காப்பாற்றியது.

ஆனால் பணம்? ஏழைப் பிள்ளைகளின் தொகைக்கேற்ப மாகாணம் அளித்த ஒரு விசேஷ நிதியைச் செலவிடுவதில் மன்றங்களுக்குச் சுதந்திரம் இருந்தது, வாஸ்தவம். எவ்வளவு வரி, எந்தப் பள்ளிக்கு எவ்வளவு பங்கு என்ற மூலப் பிரச்னைகளோ அவர்கள் கைக்கு எட்டவே இல்லை. மருமகளிடம் சமையற்கட்டை ஒப்படைத்துவிட்டு, உக்கிராணச் சாவியை மாமியார் இடுப்பிலே செருகிக்கொண்ட கதைதான். 1995-இல் கல்விச் சபையை நியமிக்கும் அதிகாரம் முழுவதும் மேயரிடம் சென்றது. 2013-இல், பற்றாக்குறையையும் காலியான வகுப்பறைகளையும் காரணம் காட்டி, அச்சபை ஏறத்தாழ 50 பள்ளிகளை ஒரே மூச்சில் மூடத் தீர்மானித்தபோது, தலைமையாசிரியரையே தேர்ந்தெடுக்கத் தகுதி பெற்றிருந்த மன்றங்களுக்குத் தங்கள் பள்ளி இருப்பதா மறைவதா என்பதில் ஒரு வாக்குக்கூட இல்லை.

நியூயார்க்கில் நடந்தது நேர்மாறு. 1993-இல் பெற்றோர் முன்னின்று தொடுத்த வழக்கில், அந்நகரக் குழந்தைகளுக்கு முறையான அடிப்படைக் கல்வியை மாகாணம் அளிக்கவில்லையென்று 2003-இல் மேல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 2002-இல், பள்ளி நிர்வாகம் மேயர் வசமாகி, வட்டாரப் பள்ளிச் சபைகள் ஒழிய வழி வகுக்கப்பட்டது. தீர்ப்பின் பயனாக வாக்களிக்கப்பட்ட நிதியோ பொருளாதார நெருக்கடியில் தேங்கிப்போய், 2021-இல்தான் முழுமையாகத் தருவதற்கு உறுதி கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் படித்து வெளியேறிவிட்ட பிள்ளைகளுக்கு அத்தீர்ப்பினால் என்ன லாபம்?

வசதி படைத்த வட்டாரங்களில் பெற்றோர் சங்கங்கள் நன்கொடை திரட்டித் தம் பள்ளிக்கு மட்டும் சங்கீத ஆசிரியரை அமர்த்திக்கொள்வதையும் சிலர் பெற்றோர் சேவையென்று சிலாகிக்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. தன் பிள்ளைக்குச் செய்வது பாசம்; அண்டைத் தெருப் பிள்ளைக்கும் சேர்த்து அரசாங்கத்திடம் வாதாடுவதையே நான் பெற்றோர் பிரதிநிதித்துவம் என்பேன்.

ஆகவே, நிர்வாகத்தை ஓர் அமர்விலும் நிதியை வேறோர் அமர்விலும் வைத்து இவற்றைத் தனித்தனியே ஆராயும் வழக்கத்தை இம்மாநாடு கைவிட வேண்டும். பெற்றோர் மன்றங்களைப் பற்றிக் கட்டுரை வாசிக்கும் ஒவ்வொருவரும், அம்மன்றத்துக்குப் பள்ளியின் வரவில் எவ்வளவு அதிகாரம் உண்டு என்பதையும் சபையோருக்குச் சொல்லியே தீரவேண்டுமென்று தலைமைப் பீடத்திலிருந்து கேட்டுக்கொள்கிறேன்.